திரும்பத் திரும்பப் பேசினால் சபைக்கூச்சம் போய்விடுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. மாதக் கூட்டத்தில் எழுந்து நின்று பிரிவின் வரவு செலவைச் சொல்லும் பொறுப்பு இந்த ஆண்டு உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. முதல் கூட்டத்தில் குரல் நடுங்கியது. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் பாதியில் வாயடைத்துப்போய், தாளை மேலாளரிடம் நீட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டீர்கள். “பேசப் பேசப் பழகிவிடும் என்கிறார்கள். எனக்கு மட்டும் ஏன் பேசப் பேச மோசமாகிறது? பேச்சு மன்றத்தில் சேர்ந்தால் பலன் உண்டா? உண்டென்றால் தமிழ் மன்றமா, ஆங்கில மன்றமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். பார்வைக்கு இது பேச்சுக்கலை பற்றிய கேள்வி. உள்ளே இருப்பது, விடாமல் முயன்றும் பலிக்கவில்லை என்றால் குறை தன்னிடமா என்ற சந்தேகம். குறை பெரும்பாலும் நீங்கள் முயன்ற இடத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. அதை விளக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என் பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவனும் அல்லன், உளவியல் படித்தவனும் அல்லன். ஒரு வங்கியின் பயிற்சிப் பிரிவில் புதிதாகச் சேரும் அதிகாரிகளுக்கு வாடிக்கையாளர் முன்னும் மேலதிகாரிகள் முன்னும் பேசக் கற்றுக்கொடுக்கும் வேலையைப் பல ஆண்டுகள் பார்த்தவன். மாலை வேளைகளில் பேச்சு மன்றங்களில் பேசுகிறவனாகவும் மற்றவர் பேச்சை மதிப்பீடு செய்கிறவனாகவும் இருந்துவருகிறேன். ஆகவே ஆய்வுகளைப் பற்றி நான் சொல்வது படித்துத் தெரிந்துகொண்டது. மன்றத்தில் என்ன நடக்கிறது என்பது கண்ணால் பார்த்தது. இரண்டையும் குழப்பாமல் எழுத முயல்கிறேன்.

முதலில் ஐயத்துக்கு இடமில்லாத ஒன்று. பேச எழுகிறவருக்கு இதயத் துடிப்பு உச்சத்தைத் தொடுவது பேசத் தொடங்கும் நேரத்தில்தான். பெரும்பாலானவர்களுக்கு முதல் ஒன்றிரண்டு நிமிடங்களில் அது இறங்கத் தொடங்கிவிடுகிறது. நீங்கள் பாதியில் நிறுத்தினேன் என்கிறீர்களே, அந்தப் பேச்சு மொத்தமே எவ்வளவு நேரம் என்று நினைத்துப் பாருங்கள். கணக்கு வாசிப்பு ஒரு நிமிடம்தான் என்றால், உடம்பு தணிய ஆரம்பிக்கும் முன்பே பேச்சு முடிந்துவிடுகிறது. உங்கள் உடம்புக்கு அந்த இறக்கத்தை அனுபவிக்கும் வாய்ப்பே கிடைக்கவில்லை. மூன்று முறையும் ஏற்றத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறீர்கள்.

இன்னொன்று, நடுக்கம் உள்ளே தெரிகிற அளவுக்கு வெளியே தெரிவதில்லை. அமெரிக்க உளவியலாளர்கள் சாவிட்ஸ்கியும் கிலோவிச்சும் 2003ல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியது. பேசுகிறவர் தன் பதற்றம் எல்லாருக்கும் அப்பட்டமாகத் தெரிவதாக மதிப்பிடுகிறார். கேட்கிறவர்களோ அதைவிடக் குறைவாகவே கவனிக்கிறார்கள். பேசப் போகும் சிலரிடம் இந்த உண்மையை முன்கூட்டியே விளக்கிச் சொன்னபோது, அவர்கள் பேச்சு மேம்பட்டதாக அவர்களுக்கும் தோன்றியது, கேட்டவர்களுக்கும் தோன்றியது. அதனால்தான் இதை உங்களுக்கும் இப்போதே சொல்லி வைக்கிறேன். “குரல் நடுங்கியது” என்று எழுதியிருக்கிறீர்கள். யாராவது வந்து சொன்னார்களா, அல்லது நீங்களே உணர்ந்ததா? பெரும்பாலும் இரண்டாவதாகத்தான் இருக்கும்.

இனி உங்கள் கேள்வியின் நடுப்பகுதி. பேசப் பேசப் பழகுமா? 1993ல் ஜெர்மனியின் டிரியர் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை முறையை உருவாக்கினார்கள். மனிதனுக்கு ஆய்வகத்திலேயே மன அழுத்தத்தை உண்டாக்க வேண்டும், எப்படி? யோசித்துப் பார்த்து அவர்கள் தேர்ந்தெடுத்தது மேடைப் பேச்சைத்தான். ஒரு வேலைக்கு விண்ணப்பித்திருப்பதாக வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் பேச வேண்டும். எதிரே அமர்ந்திருக்கும் குழுவினர் சிரிக்கவும் மாட்டார்கள், தலையாட்டவும் மாட்டார்கள். அது முடிந்ததும் 1022லிருந்து பதின்மூன்று பதின்மூன்றாகக் கழித்துக்கொண்டே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தப்பினால் மறுபடி முதலிலிருந்து. பெரும்பாலானவர்களுக்கு உமிழ்நீரில் கார்டிசால் என்னும் அழுத்தச் சுரப்பு தெளிவாக ஏறிவிடுகிறது. இன்றுவரை உலகெங்கும் ஆய்வகங்களில் மனிதரைப் பதற வைக்க வேண்டுமென்றால் இந்த முறையைத்தான் எடுக்கிறார்கள். மாதக் கூட்டத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மேலாளர்களை நினைத்துப் பாருங்கள். உங்கள் நிறுவனம் இந்தச் சோதனையைச் செலவில்லாமல் மாதாமாதம் நடத்திக்கொண்டிருக்கிறது, அதுவும் கணக்கோடு சேர்த்து.

அதே குழுவினர் 1995ல் இன்னொன்றையும் பார்த்தார்கள். இருபது ஆண்களை ஐந்து வெவ்வேறு நாட்களில் திரும்பத் திரும்ப அதே சோதனைக்கு உட்படுத்தினார்கள். பதின்மூன்று பேருக்குப் போகப் போக அந்தச் சுரப்பு அடங்கிவிட்டது. “பேசப் பேசப் பழகும்” என்பது அவர்களுக்கு உண்மை. மீதி ஏழு பேருக்கு ஐந்தாம் நாளிலும் ஏறிக்கொண்டுதான் இருந்தது. இருபது பேர் என்பது சிறிய எண்ணிக்கை, எல்லாரும் ஆண்கள், ஆகவே மூன்றில் ஒருவருக்குப் பழகாது என்று இதிலிருந்து கணக்குப் போட்டுவிடக் கூடாது. ஆனால் இறுகிய முகங்களின் முன் திரும்பத் திரும்ப நிற்பது எல்லாரையும் பழக்கிவிடாது என்பதை இது தெளிவாகக் காட்டுகிறது. நீங்கள் அந்த எழுவரில் ஒருவராக இருக்கலாம். அது வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை.

இந்தக் கதையின் மறுபாதிதான் எனக்கு முக்கியம். 2013ல் ஜெர்மனியின் போஹும் (Bochum) என்னும் நகரத்து ஆய்வாளர்கள் இதே சோதனையின் நட்பான வடிவம் ஒன்றை உருவாக்கினார்கள். குழுவினர் சிரித்த முகத்தோடு, ஆர்வமாகக் கேட்டு, உரையாடல் போல நடத்தினார்கள். கழித்தல் கணக்கு இல்லை. அதில் கார்டிசால் ஏறவே இல்லை. கணக்கையும் எடுத்துவிட்டதால், முகம் மட்டும்தான் காரணம் என்று அறுதியிட முடியாது. இது ஒரு நாள் அனுபவம் பற்றிய ஆய்வு. பல மாதப் பயிற்சியைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவருக்கு, எத்தனை முறை பேசினோம் என்பதைப் போலவே யார் முன்னால் பேசினோம் என்பதும் கணக்கில் வரும் என்று புரியும். நீச்சல் கற்றுக்கொள்ள ஆடிப் பெருக்கு வெள்ளத்தில் யாரும் இறங்குவதில்லை. மேடை விஷயத்தில் மட்டும் நாம் அதைத்தான் விடாமுயற்சி என்கிறோம்.

மூன்றாம் முறை ஏன் மேலும் மோசமானது என்பதற்கு இடத்தைத் தவிர இன்னொரு காரணமும் இருக்கக்கூடும். பிரிட்டனைச் சேர்ந்த கிளார்க், வெல்ஸ் என்னும் இருவர் 1995ல் சபைக்கூச்சம் ஏன் தானாகக் குறைவதில்லை என்பதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். இன்று சிகிச்சை முறைகளில் அது ஊன்றிப் போயிருக்கிறது. பயப்படுகிறவர் தற்காப்பாகச் சில காரியங்களைச் செய்கிறார். தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் வாசிப்பார், மூச்சு விடாமல் வேகமாக முடிப்பார், யார் முகத்தையும் பார்க்க மாட்டார். பேச்சு ஒருவழியாக முடிந்ததும் மனது அந்தப் பெருமையைப் பேச்சுக்குத் தருவதில்லை, “தலை குனிந்து படித்ததால் தப்பித்தேன்” என்று தற்காப்புக்குத் தந்துவிடுகிறது. கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனபின், எங்கே தடுமாறினோம் என்று இரவெல்லாம் ஓட்டிப் பார்ப்பது வேறு. இப்படிச் செய்தால் ஒவ்வொரு முறையும் பயம் புதிதாகத் தீட்டப்பட்டுத்தான் அடுத்த கூட்டத்துக்கு வரும். தாளை நீட்டிவிட்டு உட்கார்ந்தது அந்தத் தற்காப்பின் கடைசிப் படி. உட்கார்ந்தவுடன் பெரிய நிம்மதி கிடைத்திருக்கும். அந்த நிம்மதிதான் அடுத்த மாதம் உங்களை இன்னும் இறுக்கும்.

தாளை நீட்டிவிட்டு உட்கார்ந்ததற்காகக் கூனிக் குறுக வேண்டாம். அதைச் செய்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். பாரிஸ்டர் படிப்பு முடித்து வந்த மோகன்தாஸ் காந்தி பம்பாயில் சிறு வழக்கு நீதிமன்றத்தில் தன் முதல் வழக்குக்காக எழுந்து நின்றார். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். தலை சுற்றியது, கேட்க ஒரு கேள்வியும் வரவில்லை. உட்கார்ந்துவிட்டார். முப்பது ரூபாய் வாங்கிய வழக்கை ஐம்பத்தோரு ரூபாய்க்கு இன்னொரு வழக்கறிஞரிடம் ஒப்படைக்கச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். அதற்கு முன் லண்டனில் சைவ உணவுச் சங்கத்துக்கு எழுதிக்கொண்டு போன கருத்தைக்கூட அவரால் வாசிக்க முடியாமல், வேறொருவர்தான் வாசித்தார். இதெல்லாம் அவரே தன் வரலாற்றில் எழுதி வைத்தது.

இந்தப் பகுதியை மேடைப் பயிற்சியாளர்கள் எல்லாரும் சொல்வார்கள். அடுத்து நடந்ததை அவ்வளவாகச் சொல்வதில்லை. 1893ல் அவர் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவுக்குப் போனார். அங்கே ஒரு முஸ்லிம் வணிகரின் வீட்டில் இந்தியர்களைக் கூட்டி, வியாபாரத்தில் வாய்மை என்ற பொருளில் பேசினார். தன் வாழ்வின் முதல் பொதுப் பேச்சு அதுதான் என்கிறார். என்ன மாறியிருந்தது என்று கவனியுங்கள். நீதிமன்றம் இல்லை, ஒரு வீட்டுக் கூடம். எதிர்த்தரப்பு இல்லை, தன்னைப் போலவே அந்நிய மண்ணில் அவமானப்பட்டுக்கொண்டிருந்த மனிதர்கள். பொருள், அவர் மனதில் ஊறிக் கிடந்த ஒன்று. அத்தோடு நில்லாமல், தொடர்ந்து கூடிப் பேச ஒரு சங்கம் வேண்டும் என்று அங்கேயே யோசனை சொன்னார். கூட்டங்கள் ஏறக்குறைய ஒழுங்காக நடந்தன. பம்பாய்க்கும் பிரிட்டோரியாவுக்கும் இடையில் அவர் எந்தப் பேச்சுப் பயிற்சிக்கும் போகவில்லை. அறை மாறியது. கூச்சம் முழுக்கப் போகவில்லை என்பதையும் அவரே ஒப்புக்கொள்கிறார். அதனால்தான் சொற்களை எண்ணிப் பேசக் கற்றேன் என்று அதற்கு ஒரு நன்றியும் சொல்லிவிடுகிறார்.

நம் ஊரில் இதற்கு நேர்மாறான ஏற்பாடு பள்ளியிலேயே தொடங்கிவிடுகிறது. பேச்சுப் போட்டி என்றால் தமிழாசிரியர் எழுதிக் கொடுத்ததை நெட்டுருப் போட்டு, கையை நீட்டி மடக்கி, குரலை ஏற்றி இறக்கி ஒப்பிப்பது. நன்றாகப் பேசும் மூன்று பேரை எல்லாப் போட்டிக்கும் அனுப்புவார்கள். மீதி வகுப்பு பன்னிரண்டு ஆண்டும் கைதட்டும். அந்த மூன்று பேரிலும் பலர், நடுவில் ஒரு வரி நழுவினால் மொத்தமும் நழுவிவிடும் நிலையில்தான் இருந்தார்கள். பட்டிமன்றமும் அரசியல் மேடையும் இவ்வளவு செழித்த மொழியில், நாலு பேர் முன்னால் நிதானமாகத் தன் வேலையைப் பற்றிச் சொல்லத் தெரியாதவர்கள் இத்தனை பேர் இருப்பதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஆய்வு எதையும் ஆதாரமாகக் காட்ட மாட்டேன், பயிற்சி வகுப்பில் வந்து உட்கார்ந்த முகங்களைப் பார்த்துச் சொல்கிறேன். அங்கே “பள்ளியில் பேசியிருக்கிறீர்களா” என்று கேட்டால், பேசாதவர்கள் தலை குனிவார்கள். பேசியவர்கள் “அவையோர்க்கு வணக்கம்” என்று ஆரம்பித்து, பத்து வயதுக் குரலுக்குப் போய்விடுவார்கள். இரண்டாமவரைத் திருத்துவதுதான் கடினம்.

பேச்சு மன்றம் இதிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்று பார்ப்போம். உலகில் இப்போது பரவலாக இருப்பது டோஸ்ட்மாஸ்டர்ஸ் முறை. கலிபோர்னியாவின் சாண்டா அனா நகரில் ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தின் நிலவறையில் 1924 அக்டோபரில் ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் தொடங்கியது. ஆசிரியர் கிடையாது. உறுப்பினர்களே மாறி மாறிப் பேசுகிறார்கள், ஒருவரை ஒருவர் மதிப்பிடுகிறார்கள். 1973 வரை பெண்களைச் சேர்க்காமல் இருந்த சங்கம் அது. அந்தக் கறையைச் சொல்லாமல் புகழ மனம் வரவில்லை. முறையின் உள்ளமைப்பு மட்டும் அன்றும் இன்றும் ஒன்றேதான்.

ஒரு கூட்டத்துக்குப் போனால் பேசுகிறவரைவிட மற்ற வேலைகளைச் செய்கிறவர்கள் அதிகம் என்பதைப் பார்க்கலாம். நேரம் பார்ப்பவர் ஒருவர், பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டைகளோடு உட்கார்ந்திருப்பார். முதல் பேச்சு நான்கிலிருந்து ஆறு நிமிடம். நான்கில் பச்சை, ஐந்தில் மஞ்சள், ஆறில் சிவப்பு. “வந்து”, “அதாவது”, “ம்ம்” என்று பேச்சாளர் எத்தனை முறை இழுத்தார் என்று எண்ணி வைப்பதற்கு ஒருவர். மொழியைக் கவனிக்க ஒருவர். முன்னறிவிப்பில்லாமல் தலைப்புக் கொடுத்து, ஒன்றிரண்டு நிமிடம் பேச வைப்பதற்கு ஒருவர். உங்களைப் போன்றவருக்கு இந்தச் சில்லறை வேலைகள்தான் வாசல். நேரம் பார்ப்பவரும் எழுந்து நின்று, இன்று யார் எவ்வளவு நேரம் பேசினார் என்று அறிக்கை சொல்லியாக வேண்டும். அது எண்கள்தானே. கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு இதைவிடத் தோதான முதல் மேடை கிடைக்காது. யாரும் உங்களை மதிப்பிட மாட்டார்கள், ஆனால் நின்று பேசியிருப்பீர்கள்.

மன்றத்தின் உயிர் மதிப்பீட்டில் இருக்கிறது. இரண்டு மூன்று நிமிடம்தான் அதற்கும். எங்கள் மன்றத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் வேலை பார்க்கும் அம்மா ஒருவர் முதல் பேச்சுக்கு வந்தார். கையில் முழுத்தாள். கை நடுங்க நடுங்கத் தாள் சலசலக்கிறது, மைக்கில் அந்தச் சத்தம் பேச்சைவிடப் பெரிதாகக் கேட்கிறது. அது கேட்கக் கேட்க அவருக்கு இன்னும் நடுக்கம். மாமியாரைப் பற்றி எழுதிவந்ததை வாசித்துக்கொண்டே போனவர், நடுவில் ரேஷன் கடை வரிசையில் மாமியார் போட்ட சண்டையைச் சொல்லும்போது மட்டும் தாளை மறந்து நிமிர்ந்தார். அரங்கமும் நிமிர்ந்தது. மதிப்பீடு செய்ய எழுந்தவர் எங்கள் மூத்த உறுப்பினர், ஓய்வு பெற்ற தபால்காரர். “பயப்படாதீர்கள்” என்று அவர் சொல்லவில்லை. “நன்றாகப் பேசினீர்கள்” என்றும் சொல்லவில்லை. “ரேஷன் கடைக்கு வந்ததும் நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அடுத்த முறை அங்கேயிருந்தே ஆரம்பியுங்கள். தாளுக்குப் பதில் ஒரு கெட்டி அட்டையில் ஐந்து சொல் மட்டும் எழுதி வாருங்கள், அட்டை சத்தம் போடாது” என்றார். அவ்வளவுதான்.

அந்த மதிப்பீட்டில் இருக்கிற நுட்பத்தைப் பாருங்கள். நடுக்கத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை, அது அவருக்கே தெரியும். எந்த இடத்தில் பேச்சு கேட்பவரைத் தொட்டது என்பது அவருக்குத் தெரியாது, அதைச் சொன்னார். பிறகு, அடுத்த முறை செய்யக்கூடிய ஒரே ஒரு சின்ன மாற்றம். சொன்னதை அவர் செய்தார், அடுத்த பேச்சு அரைவாசி மேல். இப்போது அவர்தான் புதியவர்களுக்கு மதிப்பீடு செய்கிறார். நடுக்கம் போய்விட்டதா என்று கேட்டால், கை இன்னும் சில்லிடுகிறது என்கிறார். அட்டை சத்தம் போடுவதில்லை.

எல்லா மன்றமும் இப்படி இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு விதமான மன்றங்கள் ஆளைக் கெடுக்கும். ஒன்று, எதற்கெடுத்தாலும் “அருமை, அற்புதம்” என்று கைதட்டுகிற இடம். அங்கே ஐந்து ஆண்டு பேசினாலும் முதல் ஆண்டுப் பேச்சையே பேசிக்கொண்டிருப்பார்கள். இன்னொன்று, மதிப்பீடு செய்கிறவர் தன் புலமையைக் காட்ட அதைப் பயன்படுத்துகிற இடம். புதிதாக வந்தவரிடம் பதினோரு குறைகளை அடுக்கி, ழகரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். தட்டிக்கொடுப்பது வேறு, தாங்கிப் பிடிப்பது வேறு. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது.

இனி, பயிற்சி வகுப்புகளில் அடிபடுகிற, ஆனால் நான் நம்பச் சொல்லாத சில சங்கதிகள். மனிதர் சாவைவிட மேடைக்கு அதிகம் பயப்படுகிறார் என்பார்கள். இது 1973ல் அமெரிக்காவில் எடுத்த ஒரு கணிப்பிலிருந்து வந்தது. பயங்களின் பட்டியலைக் கொடுத்து, எவையெல்லாம் உங்களுக்கு உண்டு என்று கேட்டார்கள். 41 சதவீதம் பேர் மேடைப் பேச்சைக் குறித்தார்கள், 19 சதவீதம் பேர் மரணத்தை. எது பெரிய பயம் என்று யாரும் கேட்கவில்லை. 2012ல் இரண்டு ஆய்வாளர்கள் மாணவர்களிடம் அதையும் சேர்த்துக் கேட்டபோது, அதிகம் பேர் குறித்தது மேடையைத்தான், ஆனால் பயங்களில் பெரியது எது என்றதற்கு மரணம் முன்னால் வந்துவிட்டது. பேச்சில் சொற்களுக்கு ஏழு சதவீதம்தான் பங்கு, மீதியெல்லாம் குரலும் உடல்மொழியும் என்பது இன்னொன்று. ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967ல் ஆராய்ந்தது, ஒற்றைச் சொல்லில் ஒருவர் விருப்பையோ வெறுப்பையோ காட்டும்போது எதை நம்புகிறோம் என்பதை. உங்கள் வரவு செலவு அறிக்கைக்கு அது பொருந்தாது. அங்கே எண் தப்பினால் எந்தப் புன்னகையும் காப்பாற்றாது. கைகால்களை விரித்து அதிகாரத் தோரணையில் இரண்டு நிமிடம் இருந்தால் உடம்பின் சுரப்புகள் மாறி வீரம் வந்துவிடும் என்ற 2010 ஆய்வை, பெரிய அளவில் திரும்பச் செய்து பார்த்தபோது அந்தச் சுரப்பு மாற்றம் கிடைக்கவில்லை. அதை எழுதியவர்களில் முதலாமவரே பிற்பாடு கைவிட்டுவிட்டார்.

ஓரளவு நம்பத் தகுந்தது, ஆனால் அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றும் இருக்கிறது. ஹார்வர்டில் ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014ல் வெளியிட்ட ஆய்வில், பேசுமுன் “அமைதியாக இருக்கிறேன்” என்று சொல்லிக்கொண்டவர்களைவிட, “உற்சாகமாக இருக்கிறேன்” என்று வாய்விட்டுச் சொன்னவர்கள் நன்றாகப் பேசினார்கள். படபடப்பு மட்டும் குறையவில்லை. எனக்கு இந்த முடிவு பிடித்ததற்குக் காரணம், மன்றத்தில் பார்ப்பதோடு ஒத்துப்போவதுதான். படபடப்பு இருக்கும்போதே பேச்சு மேம்படலாம். பயம் போன பிறகு பேசுவேன் என்று காத்திருக்கிறவர்கள் காத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

உங்களுக்கு நேரடியாகச் சொல்லக்கூடியவை இவை. மாதக் கூட்டத்தைப் பயிற்சிக் களமாக எண்ணாதீர்கள், தேர்வாக எண்ணுங்கள். பயிற்சி வேறு இடத்தில் நடக்கட்டும். அதற்காகக் கூட்டத்தைத் தவிர்க்கவும் வேண்டாம். தவிர்த்தால் பயம் வேரூன்றும். மேலாளரிடம் முன்கூட்டியே பேசி, இரண்டு மூன்று மாதத்துக்கு முக்கியமான ஒரே எண்ணை மட்டும் நீங்கள் சொல்லி, விவரத்தைத் தாளாகக் கொடுத்துவிடுவதாகக் கேட்டுப் பாருங்கள். முழுப் பேச்சையும் மனப்பாடம் செய்யாதீர்கள். முதல் இரண்டு வாக்கியமும் கடைசி வாக்கியமும் மட்டும் தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும். முதல் நிமிடத்தைத் தாண்டிவிட்டால் உடம்பு ஒத்துழைக்கத் தொடங்கும் என்று மேலே சொன்னது அதற்குத்தான். எழுந்ததும் உடனே பேசாதீர்கள். காலை ஊன்றி, மூச்சை நீளமாக வெளியே விட்டு, நல்ல முகமாக ஒன்றைத் தேடி, அவரிடம் முதல் வாக்கியத்தைச் சொல்லுங்கள். கூட்டத்துக்கு முன்பே ஒரு சக ஊழியரிடம் “நான் பேசும்போது என்னைப் பார்த்துத் தலையசையுங்கள்” என்று சொல்லி வைப்பதில் எந்த வெட்கமும் இல்லை. பெரிய பேச்சாளர்களும் முன்வரிசையில் ஆள் வைத்துக்கொண்டவர்கள்தான்.

கைப்பேசியில் பதிவு செய்து பார்ப்பது பலன் தரும், ஆனால் அதற்கு ஒரு முறை உண்டு. பார்க்கும் முன்பே, என்ன தெரியப்போகிறது என்று எழுதிவிடுங்கள். “முகம் சிவந்திருக்கும், குரல் உடைந்திருக்கும், முப்பது நொடி மௌனமாக நின்றிருப்பேன்.” அதன் பிறகு, யாரோ தெரியாத ஒருவரைப் பார்ப்பது போலப் பாருங்கள். எழுதியதும் திரையில் இருப்பதும் பொருந்தாது. முப்பது நொடி என்று நினைத்த மௌனம் மூன்று நான்கு நொடியாக இருக்கும். இந்த முன்தயாரிப்பு இல்லாமல் பார்த்தால், உள்ளே இருந்த பயத்தையே திரையிலும் பார்த்துவிட்டு இன்னும் நொந்துபோவீர்கள்.

மன்றத்தில் நன்றாகப் பேசி, அலுவலகத்தில் மறுபடி வாயடைத்துப் போகிறவர்களும் உண்டு. ஒரே அறையில், ஒரே முகங்கள் முன் மட்டும் பழகியது அந்த அறையோடு நின்றுவிடுவதால் இது நேர்கிறது. ஆகவே மூன்று நான்கு மாதத்தில் மன்றம் கைவந்ததும், வெளியே சிறிது சிறிதாகப் பேசத் தொடங்குங்கள். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் ஒரு கேள்வி, உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் இரண்டு நிமிட வாழ்த்து, அலுவலகக் கூட்டத்தில் அடுத்தவர் அறிக்கையின் மீது ஒரு வரிச் சந்தேகம். கேள்வி கேட்பதும் பேச்சுதான். இத்தனை மாதத்தில் குணமாகிவிடும் என்று நான் உறுதி தர மாட்டேன். ஓர் ஆண்டு தொடர்ந்து வந்தவர்களில் பெரும்பாலோர் மாறியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பாதியில் நின்றுவிட்டவர்களை நான் பார்ப்பதில்லை அல்லவா, ஆகவே என் கண்ணை மட்டும் நம்பிக் கணக்குப் போடக் கூடாது.

என் எல்லைக்கு அப்பாற்பட்டவற்றையும் சொல்லிவிடுகிறேன். மேடை மட்டுமல்லாமல், கடையில் விலை கேட்கவும், தொலைபேசியை எடுக்கவும், பிறர் முன் சாப்பிடவும் பயமாக இருந்தால், அல்லது கூட்டத்துக்குப் பல நாட்களுக்கு முன்பிருந்தே தூக்கம் கெட்டால், அதற்கு மன்றம் போதாது. உளவியல் ஆலோசகரையோ மனநல மருத்துவரையோ பாருங்கள்; நன்றாகக் குணமாகக்கூடிய சிக்கல் அது. திக்கல் இருந்தால் பேச்சுப் பயிற்சி நிபுணர் வேண்டும். திக்கலோடு வளர்ந்த சவூதிக்காரர் முகம்மது அல்-கஹ்தானி 2015ல் டோஸ்ட்மாஸ்டர்ஸ் உலகப் போட்டியில் வென்றார் என்பது உண்மை. அதைக் காட்டி, திக்குகிற எல்லாரையும் மேடைக்குத் தள்ளுவது கொடுமை. நண்பர் யாராவது “படபடப்புக்கு ஒரு மாத்திரை இருக்கிறது” என்று ப்ராப்ரனலால் கொடுத்தால் வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். இசைக் கலைஞர்கள் சிலர் பயன்படுத்துகிற மருந்துதான், ஆனால் ஆஸ்துமா உள்ளவருக்கு அது மூச்சையே அடைத்துவிடும். மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும்.

தமிழா ஆங்கிலமா என்று கேட்டீர்கள். உங்கள் மாதக் கூட்டம் எந்த மொழியில் நடக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை. எந்த மொழியாக இருந்தாலும், கோபம் வந்தால் எந்த மொழியில் பேசுவீர்களோ அதில் ஆரம்பியுங்கள். பயத்தோடு இலக்கணத்தையும் சேர்த்துச் சுமக்க வேண்டாம். ஆறேழு பேச்சு ஆன பிறகு ஆங்கில மன்றத்துக்கும் போகலாம். நிற்கவும் நிறுத்தவும் பார்க்கவும் தமிழில் கற்றது அங்கேயும் செல்லும். சேருவதற்கு முன் விருந்தினராக இரண்டு மூன்று மன்றங்களுக்குப் போய்ப் பாருங்கள், பெரும்பாலும் அனுமதிப்பார்கள். பேச்சுகள் முடிந்ததும் எழுந்து வந்துவிடாதீர்கள். அதற்குப் பிறகுதான் மதிப்பீடு நடக்கும். அன்று மிக மோசமாகப் பேசியவரிடம் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டு, பிறகு பணம் கட்டுங்கள்.